ஒரே எடைக்கல்: காலிக் கல்வெட்டு முதல் அம்பாந்தோட்டை வரை

மலர்க் குழுவினர் என் கடைக்கு வந்து, "நயினாரய்யா, இந்த ஆண்டு மலருக்கும் உங்க கட்டுரை ஒண்ணு வேணுங்க" என்று கேட்டார்கள். போன முறை அருங்கலச்செப்பு பற்றி எழுதினேன். படித்தவர்களைவிடப் பாராட்டியவர்களே அதிகம்! இம்முறை எல்லாரும் பேசுகிற விஷயத்தைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது. எருத்தேன்பதி டீக்கடையிலும் இப்போது அயல்நாட்டுக் கொள்கைதான் பேச்சு. இலங்கையை சீனாக்காரன் பிடித்துவிட்டான் என்கிறார் ஒருவர். நம்ம சர்க்கார் சும்மா இருந்ததாலேதானே என்கிறார் இன்னொருவர். இந்தப் பேச்சைக் கொஞ்சம் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பட்டம் பெற்றவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, இளவயதில் பிழைப்புக்காக இந்த எல்லைப் பகுதிக்கு வந்து, கடலை, பருப்பு வியாபாரத்தில் நாற்பது ஆண்டு கழித்தவன். ஆகவே அரசியல் மேதைகளின் அளவுகோல் என்னிடம் இல்லை. தராசு ஒன்றுதான் உண்டு. அதை வைத்தே பேசுகிறேன்.

சீனபரணியும் சீனச்சட்டியும்

நம் பாலக்காட்டு வீடுகளில் கடுமாங்காய் ஊறுகிற ஜாடிக்கு இன்றும் சீனபரணி என்றுதான் பெயர். வறுக்கிற சட்டி சீனச்சட்டி. கொச்சியில் மீன் பிடிப்பது சீனவலை. தமிழ்நாட்டுத் தென்மாவட்டங்களில் சர்க்கரைக்குச் சீனி என்றும், பட்டாசுக்குச் சீனவெடி என்றும் சொல்கிறோம். நம் அடுக்களைக்குள் அறுநூறு, எழுநூறு வருஷமாகச் சீனம் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைப் படையெடுப்பு என்று சொன்னதில்லை. சரக்கு வந்தது, சரக்கு போயிற்று, பெயர் தங்கிவிட்டது.

நாமும் சும்மா இருந்தவர்கள் அல்ல. ராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்ரீவிஜயத்தின் மேல் கடற்படை அனுப்பினான். சோழர் தூதுக்குழு 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குப் போனது. சுமத்ராவின் பாரூஸ் பக்கத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆக, தூர தேசத்தில் வாணிகத்துக்கும் படைக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. வணிகன் முன்னே போவான், அரசன் பின்னே வருவான். சில சமயம் முறை மாறும்.

கல் என்ன சொல்கிறது?

இப்போது நம் கட்டுரையின் முதல் சான்றுக்கு வருகிறேன். 1911-ஆம் ஆண்டு இலங்கையின் காலி நகரத்தில், சாக்கடைப் பாலத்துக்கு மூடியாகக் கிடந்த ஒரு கற்பலகை கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத்தின் மிங் வம்சப் பேரரசர் யோங்லெ அனுப்பிய கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டிய கல் இது. அதில் உள்ள தேதி 1409 பிப்ரவரி. சீன நாட்டிலேயே வெட்டி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்பது அறிஞர் முடிவு. அப்படியானால் அறுநூறு ஆண்டுக்கு முன் சீனத்தில் தமிழ் எழுதத் தெரிந்த ஆளை வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள்!

கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி, தெய்வந்துறையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயினாரை, அதாவது அங்கே திருமால் வடிவாக வழிபட்ட தெய்வத்தைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. (நாயினார், நயினார் என்பது எங்கள் சமூகத்துக்கும் பட்டப்பெயர் என்பதால் முதலில் படித்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி!) பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று போகும் காணிக்கைப் பட்டியல் மூன்று மொழியிலும் ஏறக்குறைய ஒன்றே.

இதைப் படிக்கிற எவரும் முதலில் வியப்பார்கள். என்ன சமரசம்! என்ன பெருந்தன்மை! மூன்று சமயத்துக்கும் ஒரே அளவு காணிக்கை! இந்தக் காலத்து ராஜதந்திரிகளும் இக்கல்லை மேற்கோள் காட்டி, பழைய நட்புக்குச் சாட்சி என்கிறார்கள்.

ஆனால் ஒரு வியாபாரி படித்தால் வேறொன்றும் தெரியும். இந்தக் கல்லில் சிங்களம் இல்லை. எந்த மண்ணில் நாட்டினார்களோ, அந்த மண்ணின் பெரும்பான்மை மக்கள் மொழி அதில் கிடையாது. ஏன்? அன்று அந்தத் துறைமுகங்களில் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் தமிழ் வணிகரும் முஸ்லிம் வணிகரும். கல் பேசியது ஊராரிடம் அல்ல, கடைக்காரர்களிடம். இது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சமரசம் என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். நம் மொழி அதில் இருக்கிறது என்ற பெருமையில் இந்தப் பாதியை நாம் விட்டுவிடக் கூடாது.

கல்லுக்குப் பின் கப்பல்

மறுபாதியை வரலாறே எழுதியது. அதே பயணத்தில், 1410-11 வாக்கில், செங் ஹேயின் படை இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகக்கோனாருடன் மோதியது. அவரையும் குடும்பத்தாரையும் பிடித்துச் சீனத் தலைநகருக்குக் கொண்டுபோனார்கள். பேரரசர் பிறகு மன்னித்து விடுவித்தார் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அழகக்கோனார் குடும்பமே தென்னிந்திய வணிகக் குடி வழி வந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள்.

காணிக்கை கொடுத்த கையும் கட்டி இழுத்த கையும் ஒன்றே. முதலில் சண்டை போட்டது யார் என்பதில் இரு தரப்புக்கும் கதை உண்டு. அதை நான் தீர்க்கப் போவதில்லை. பெரிய கப்பல் வைத்திருப்பவன் தரும் பரிசுக்குப் பின்னால் அந்தக் கப்பல் நிற்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். தெய்வந்துறைக் கோயிலை 1588-ல் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். காணிக்கை பெற்ற கோயில் போய்விட்டது. காணிக்கை கொடுத்தேன் என்று சொல்லும் கல் மட்டும் நிற்கிறது. தானத்தைவிடத் தானச் சாசனத்துக்கு ஆயுசு கெட்டி!

ஒரு நல்ல வாணிகம்

சீனம் என்றாலே சூழ்ச்சி என்று பேசுகிறவர்கள் 1952-ஆம் ஆண்டை மறந்துவிடுகிறார்கள். கொரியப் போர் காலம். சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்று அமெரிக்கா முதலிய நாடுகள் தடை போட்டிருந்தன. இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு. ரப்பர் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. அப்போது இலங்கை வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க சீனாவுடன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தார். ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சந்தை விலைக்கு மேலே சீனா கொடுத்தது. அமெரிக்கா கோபித்து உதவியை நிறுத்தியது. இலங்கை அசையவில்லை. ஒப்பந்தம் பலமுறை புதுப்பிக்கப்பட்டது.

அன்று சீனா ஏழை நாடு. இரண்டு பக்கமும் தேவை இருந்தது, இரண்டு பக்கமும் சரக்கு இருந்தது, விலை வெளிப்படையாக இருந்தது. இதைத்தான் எங்கள் தொழிலில் நேர் வியாபாரம் என்போம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதல்ல கேள்வி. இரண்டு தட்டிலும் கனம் இருந்தால் முள் நடுவில் நிற்கும். அவ்வளவுதான்.

அந்த ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களில் நம் தமிழர்களும் இருந்தார்கள். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டவர்கள். அவர்கள் கை படிந்த ரப்பர் உலக அரசியலில் பேரம் பேசியது. அவர்கள் பேச முடியவில்லை. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு என்று பிரித்தார்கள். மூட்டை பிரிப்பது போல! அந்த மக்களைக் கேட்டார்களா? இதைச் செய்தது சீனா அல்ல, அன்பர்களே. நம் தில்லியும் கொழும்பும்.

அம்பாந்தோட்டைக் கணக்கு

இனி இன்றைய பெரிய வழக்கு. அம்பாந்தோட்டைத் துறைமுக வேலை 2008 ஜனவரியில் தொடங்கி, 2010 நவம்பரில் திறந்தார்கள். முதல் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி (எக்ஸிம் வங்கி) 307 மில்லியன் டாலர் கடன் தந்தது. வட்டி 6.3 சதவீதம். எதிர்பார்த்த கப்பல் வரவில்லை. 2017 ஜூலையில் சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் என்ற நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்பந்தமாகி, டிசம்பரில் கைமாறியது. குத்தகைத் தொகை 1.12 பில்லியன் டாலர்.

இதைத்தான் கடன் பொறி என்று உலகமே சொன்னது. பிரம்ம செலானி என்ற நம் நாட்டு எழுத்தாளர் 2017-ல் இந்தச் சொல்லைப் பரப்பினார். கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தை எழுதிக் கொடுத்தார்கள் என்பது டீக்கடை வரை வந்த செய்தி. நானும் சில வருஷம் அப்படியே நம்பினேன். பிறகு கணக்கைப் பார்த்தபோது மூன்று இடத்தில் இடித்தது.

ஒன்று: குத்தகைப் பணம் அந்தத் துறைமுகக் கடனை அடைக்கப் போகவில்லை. இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. சீன வங்கிக்குக் கட்ட வேண்டிய கடன் அப்படியே நின்றது. கடனுக்கு ஈடாகச் சொத்தைப் பிடித்தார்கள் என்பது பத்திரத்தில் இல்லாத விஷயம்.

இரண்டு: இலங்கைக்குக் கழுத்தை நெரித்த கடன் பெரும்பாலும் வேறு இடத்தில் வாங்கியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தபோது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேலை நாட்டுச் சந்தைகளில் விற்ற கடன் பத்திரங்கள். சீனக் கடன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது ஆய்வாளர் கணக்கு. இதோடு 2019-ஆம் ஆண்டு வரிக்குறைப்பு, ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, 2021-ல் ரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை, எல்லாம் சேர்ந்தது.

மூன்று: அந்தத் துறைமுகம் சீனாக்காரன் மூளையில் உதித்ததல்ல. 2003-லேயே ஒரு கனடா நிறுவனம் ஆய்வறிக்கை தந்திருக்கிறது. முதலில் இந்தியாவிடம்தான் கேட்டோம் என்று மகிந்த ராஜபக்ச பின்னாளில் சொன்னார். தன் சொந்த ஊர்ப்பக்கம் துறைமுகம் வேண்டும், விமான நிலையம் வேண்டும் என்று ஆசைப்பட்ட தலைவர் அவர். 2013-ல் திறந்த மத்தளை விமான நிலையத்தில் விமானத்தைத் தேட வேண்டியிருந்தது.

அப்படியென்றால் சீனா மேல் குற்றமே இல்லையா? இருக்கிறது. அது வேறு குற்றம். கடன் கொடுத்த வங்கி சீனாவுடையது. அந்தப் பணத்தை வாங்கிக் கட்டிய கம்பெனி சீனாவுடையது. கடைசியில் குத்தகை எடுத்ததும் சீனாவுடையது. பணம் பீஜிங்கில் புறப்பட்டுப் பீஜிங்குக்கே திரும்பியது. கடன் மட்டும் அம்பாந்தோட்டையில் இறங்கிக்கொண்டது! ஓடாத வண்டிக்குக் கடன் கொடுக்கிறோம் என்று கொடுப்பவனுக்குத் தெரியாதா? வாங்குபவன் ஆசைப்பட்டான், அதனால் கொடுத்தேன் என்பது கள்ளுக்கடைக்காரன் சமாதானம்.

2022 ஆகஸ்ட்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்து சில நாள் நின்றபோது தில்லி பதறியது. 1409-ன் கல்லுக்குப் பின்னால் கப்பல் நின்றது போலவே இதுவும் என்று சொல்லத் தோன்றும். இன்றைய கப்பல் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. ஆனாலும் வாடகைக்கு விட்ட வீட்டில் யார் வந்து தங்குகிறார்கள் என்று கேட்கும்போது வீட்டுக்காரன் குரல் தழுதழுத்தால், அந்தக் குத்தகையில் ஏதோ குறை என்றுதானே அர்த்தம்?

பலகையில் விடுபட்ட மொழி

இங்கே நம் சங்கத்தாருக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. 2021 மே மாதம் கொழும்பில், சீன உதவியுடன் அட்டர்னி ஜெனரல் திணைக்களத்தில் அமைந்த நூலகப் பெயர்ப்பலகையில் தமிழ் விடுபட்டிருந்தது. சிங்களம் இருந்தது, சீனம் இருந்தது, ஆட்சிமொழிகளில் ஒன்றான தமிழ் இல்லை. செய்தி வெளியாகி, பலகையை எடுத்தார்கள்.

1409-ன் கல்லில் தமிழ் உண்டு, சிங்களம் இல்லை. 2021-ன் பலகையில் சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து வரும் வல்லரசுக்குத் தமிழ் மேல் அன்றைக்கு அன்பும் இல்லை, இன்றைக்குப் பகையும் இல்லை. அன்று துறைமுகச் சாவி தமிழ் பேசுபவனிடம் இருந்தது. இன்று கையெழுத்துப் போடும் பேனா வேறு கையில் இருக்கிறது. யாரிடம் காரியம் ஆக வேண்டுமோ, அவன் மொழியில் பேசுவது வல்லரசு வழக்கம். கையெழுத்துப் போடுகிறவன் தன் மக்களில் யாரை மறக்கிறானோ, அவரை வெளியாரும் மறப்பார்கள். முதல் தவறு உள்ளூரில் நடக்கிறது.

இதை நாம் நன்றாக உணர முடியும். எருத்தேன்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைத் தமிழர் கேரளத்தில் மொழிச் சிறுபான்மை. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழில் அரசுக்கு எழுதலாம் என்று நமக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் தமிழில் எழுதுகிறோம்? நமக்கு வேண்டிய பலகையை நாம் கேட்காவிட்டால் பீஜிங்கா வந்து எழுதிக் கொடுக்கும்?

நம்ம துவரைக் கணக்கு

சீனத்தை எடை போட்டது போதும். அதே கல்லை நம் நாட்டுக்கும் வைத்துப் பார்க்க வேண்டாமா? இந்தியாவும் வளர்ந்துவரும் வல்லரசுதான். 2023 செப்டம்பரில் தில்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியத்தை ஜி-20-ல் சேர்த்ததை நாம் எல்லாரும் பெருமையாகப் பேசினோம். பெருமைதான். ஆனால் எனக்குத் தெரிந்த ஆப்பிரிக்கா மாநாட்டில் இல்லை, மூட்டையில் இருக்கிறது.

பருப்பு மண்டியில் துவரைக்கு ஊர்ப்பெயர் உண்டு. பர்மாவிலிருந்து வருவது லெமன். தான்சானியாவிலிருந்து வருவது மட்வாரா, அருஷா. மொசாம்பிக்கிலிருந்து வருவது கஜ்ரி. நீங்கள் சாம்பார் வைக்கிற பருப்பில் கொஞ்சம் ஆப்பிரிக்க மண் இருக்கிறது என்பது இல்லத்தரசிகள் பலருக்குத் தெரியாது.

2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் கால் கிலோ, நூறு கிராம் என்று கேட்ட காலம். உடனே அரசு வெளிநாட்டைத் தேடியது. 2016 ஜூலையில் பிரதமர் மோடி மொசாம்பிக் போனபோது பருப்பு ஒப்பந்தம் ஆனது. படிப்படியாக உயர்த்தி 2020-21-க்குள் ஆண்டுக்கு 2 லட்சம் டன் வரை வாங்கிக்கொள்கிறோம் என்றோம். அந்த நாட்டுச் சிறு விவசாயிகள் நம்மை நம்பித் துவரை விதைத்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் துவரைக்குப் பெரிய இடம் இல்லை. பெரும்பகுதி நமக்காகவே விளைவது.

ஆனால் 2016-17-ல் இங்கே மழை பெய்தது. துவரை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. விலை சரிந்து, 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே போனது. நம் விவசாயி அழுதான். 2017 ஆகஸ்ட்டில் துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று அரசு கட்டுப்பாடு போட்டது. அரசுக்கு அரசு ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு. ஆனாலும் ஆப்பிரிக்காவில் துவரை விலை விழுந்துவிட்டது. வாங்குகிறவன் ஒருவன்தான் என்றால், அவன் ஒரு தும்மல் தும்மினாலும் விற்கிறவனுக்குக் காய்ச்சல். 2021-ல் இங்கே தட்டுப்பாடு வந்ததும் கதவை மறுபடி திறந்தோம்.

நம் விவசாயியைக் காப்பது அரசின் கடமை. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் வாருங்கள், விதையுங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, விளைந்த பிறகு கதவைச் சாத்துவதற்கு என்ன பெயர்? இலங்கைக்குச் சீனா கொடுத்த கடனில் சீனக் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று குறை சொன்னேன். நம் எக்ஸிம் வங்கி ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தரும் கடன் வசதியிலும், பொதுவாக முக்கால் பங்குச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்றுதான் விதி. அளவு சிறியது, வட்டி குறைவு, எல்லாம் சரி. கல் ஒன்றேதான்.

நல்லதையும் எழுத வேண்டும். 2022-ல் இலங்கை தவித்தபோது இந்தியா ஏறத்தாழ 4 பில்லியன் டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு அரசு அரிசி, பால்மாவு, மருந்து அனுப்பியது. மே 18 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்ட செய்தியைப் படித்து நான் கண்கலங்கினேன். அது சிங்களருக்கும் தமிழருக்கும் சேர்த்துப் போன அரிசி. அந்தக் கப்பலுக்குப் பின்னால் குத்தகைப் பத்திரம் வரவில்லை.

என் தராசின் குறை

இவ்வளவும் எழுதிவிட்டு என் கணக்கை மறைப்பது முறையல்ல. எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். மழை பொய்த்த வருஷம். இந்தப் பக்கத்து மானாவாரி விவசாயி ஒருவர் விதைக்கடலைக்கு வழியில்லாமல் வந்தார். கொடுத்தேன். வட்டியும் வேண்டாம் என்றேன். ஒரே நிபந்தனை: விளைந்த கடலையை எனக்கே போட வேண்டும், நான் சொல்லும் விலைக்கு. எனக்குப் பெரிய தர்மவான் என்ற நினைப்பு.

அறுவடை ஆயிற்று. பொள்ளாச்சிச் சந்தையில் விலை ஏறியிருந்தது. நான் பழைய விலைக்கே எடுத்தேன். அவர் சண்டை போடவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வட்டி கேட்டிருந்தா குடுத்திருப்பனுங்க நயினாரே. எங்க விக்கறதுன்னு என் கையக் கட்டீட்டீங்க பாருங்க, அதுதானுங்க பொறுக்கல."

அடுத்த வருஷம் அவர் என் கடைக்கு வரவில்லை. இல்லறத்தான் வாங்க ஒரு எடை, விற்க ஒரு எடை வைக்கக் கூடாது, அது களவின் பங்கு என்று எங்கள் அறநூல்கள் சொல்வதைச் சின்ன வயதிலேயே படித்தவன் நான். என் எடைக்கல் சரியாகத்தான் இருந்தது. ஒப்பந்தத்தில்தான் கள்ள எடை வைத்திருந்தேன். கல்லைத் தேய்த்தால்தான் திருட்டு என்று நினைத்திருந்தேன். அடுத்தவனுக்குப் போக வேறு வழி இல்லாமல் செய்வதும் திருட்டு என்று அந்த விவசாயிதான் சொல்லிக் கொடுத்தார். பிறகு வித்தியாசத் தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். உறவு மட்டும் பழையபடி ஆகவில்லை.

அம்பாந்தோட்டையைப் படித்தபோதும், மொசாம்பிக் துவரையைப் படித்தபோதும் எனக்கு அவர் துண்டை உதறியதுதான் நினைவுக்கு வந்தது.

முடிவாக

ஒரு பெரிய நாடு தூரத்துச் சிறு நாட்டிடம் நடந்துகொள்வதை எடை போட என் கைவசம் மூன்று கேள்விகள் உண்டு. விலையையும் நிபந்தனையையும் ஊரார் படிக்கும்படி எழுதியிருக்கிறதா? சிறியவனுக்கு வேறு கடைக்குப் போக வழி இருக்கிறதா? நட்டம் வந்தால் அதில் பெரியவனுக்கும் பங்கு உண்டா? 1952-ன் ரப்பர்–அரிசி ஒப்பந்தம் இதில் பெரும்பாலும் தேறும். அம்பாந்தோட்டை தேறாது. நம் துவரை ஒப்பந்தம் முதல் கேள்வியில் தேறி, மூன்றாவதில் தவறும்.

பாஷை வேறானாலும் ஒப்பந்தத்தின் அருமை நமக்குத் தெரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர். ஒவ்வொரு கோடையிலும் காகிதத்தில் உள்ள தண்ணீரும் வாய்க்காலில் உள்ள தண்ணீரும் ஒன்றா என்று எட்டிப் பார்த்துப் பழகியவர்கள் நாம். கேரளத்துக் குடியாகத் தண்ணீர் கேட்கிறோம். தமிழ்நாட்டு உறவாக, அங்கேயும் வறட்சிதானே என்று நினைக்கிறோம். இரண்டு பக்க நியாயமும் தெரிந்தவன் பேசினால் சத்தம் குறைவாகத்தான் வரும். ஆனால் எல்லையில் வாழ்கிறவனுக்கு அந்தப் பார்வை ஒரு சொத்து. பொருளை ஒரு பக்கமிருந்து மட்டும் பார்க்காதே என்று எங்கள் சமயம் அநேகாந்தம் என்ற பெயரில் சொல்வதும் இதுவே.

எங்கள் சமயத்தில் இல்லறத்தாருக்குத் திசைவிரதம் என்று ஒன்று உண்டு. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவேன் என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வது. வணிகனுக்கு இது என்ன விரதம், போகாமல் பிழைப்பது எப்படி என்று இளமையில் கேலி செய்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் புரிகிறது. தூரம் போகக் கூடாது என்பதல்ல. தூரத்தில் நம் முகம் தெரியாது, அவன் முகமும் நமக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் கை நீளும். கை எங்கே நிற்க வேண்டும் என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள் என்பதுதான் அதன் உட்பொருள். இது நயினாருக்கும் பொருந்தும், நாட்டுக்கும் பொருந்தும்.

அடுத்த முறை டீக்கடையில் சீனா பேச்சு வந்தால், பேசுங்கள், தாராளமாகப் பேசுங்கள். பேசி முடித்து வீட்டுக்குப் போய்ச் சாம்பார் சாப்பிடும்போது அந்தப் பருப்பு எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்றும் ஒரு நிமிஷம் நினையுங்கள். என் எழுத்தில் பிழை இருந்தால் பெரியோர் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். கடை காலை ஏழு மணிக்கே திறந்திருக்கும்.